கோஹிபா இலையின் வழியே: கியூபாவில் ஆறு நாள்

முதல் நாள்: எல் லாகித்தோ, ஹவானா

ஹவானாவின் மேற்கே, மிராமார் தாண்டினால் குபனாக்கான். புரட்சிக்கு முன் பெரும் பணக்காரர்கள் குடியிருந்த பேட்டை. பெரிய தோட்டங்கள், அகலமான தெருக்கள், ஆள் நடமாட்டம் குறைவு. அங்கே ஒரு பழைய மாளிகையில் இருக்கிறது எல் லாகித்தோ தொழிற்சாலை. கோஹிபா என்னும் கியூபச் சுருட்டு பிறந்த இடம் இதுதான். பொதுமக்களுக்கு உள்ளே அனுமதி கிடையாது, வாசலில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். சுருட்டு சுற்றுவதைப் பார்ப்பதற்கு ஐந்தாம் நாள் வேறு இடத்துக்குப் போகிறோம்.

கதை 1960-களின் நடுவில் தொடங்குகிறது. ஃபிடல் காஸ்ட்ரோவின் மெய்க்காவலர் ஒருவர், தன் நண்பர் எதுவார்தோ ரிவேரா சுற்றிக் கொடுத்த, காகிதப் பட்டை ஒட்டாத, பேரில்லாத சுருட்டைப் புகைத்துவந்தார். அதில் ஒன்றை வாங்கிப் பார்த்த காஸ்ட்ரோவுக்குப் பிடித்துவிட்டது. ரிவேராவே அவருக்காகத் தனியாகச் சுருட்டு சுற்ற ஏற்பாடாயிற்று. சுவை மட்டும் காரணமல்ல, பாதுகாப்பும் ஒரு காரணம். காஸ்ட்ரோவுக்குக் கொடுப்பதற்கென்று ஒரு பெட்டிச் சுருட்டில் சி.ஐ.ஏ. நஞ்சு ஏற்றியதை அமெரிக்க செனட் குழுவே 1975-ல் பதிவு செய்திருக்கிறது. யார் கைபட்ட சுருட்டு என்பது அன்று உயிர்ப் பிரச்சினை.

எல் லாகித்தோவில் பெண்களுக்குச் சுருட்டு சுற்றப் பயிற்சி கொடுத்தார்கள். அதுவரை கியூபாவில் சுற்றும் மேஜை ஆண்களுடையது. பெண்கள் இலை பிரிப்பதிலும் காம்பு உரிப்பதிலும்தான் இருந்தார்கள். 1966-ல் சுருட்டுக்கு கோஹிபா என்று பேர் வந்தது. கொலம்பஸின் ஆட்கள் 1492-ல் இந்தத் தீவில் தாயினோ மக்களின் கையில் பார்த்த புகையிலைச் சுருளுக்கு அந்த மக்கள் வைத்திருந்த சொல் அது. செரூட் என்று ஆங்கிலத்தில் போன நம்முடைய ‘சுருட்டு’ம் அதேபோலச் சுருளுக்கு வைத்த சொல்தான்.

முதலில் வந்தவை மூன்று அளவுகள். லான்செரோ 192 மி.மீ. நீளம், 38 ரிங். கொரோனா எஸ்பெசியால் 152 மி.மீ., அதே 38 ரிங். பானெத்தெலா 115 மி.மீ., 26 ரிங். ரிங் என்பது ஓர் அங்குலத்தை 64 பங்காக்கி அதில் எத்தனை பங்கு என்ற கணக்கு. 38 ரிங் என்றால் விட்டம் 15 மி.மீ. இந்த மூன்றும் கடையில் விற்பதற்காகச் செய்தவை அல்ல. கியூபா வந்த தலைவர்களுக்கும் தூதர்களுக்கும் அரசு கொடுத்த அன்பளிப்பு. கடைக்கு வர 1982 ஆயிற்று.

பதினாறு வருடம் விற்காமல் வைத்திருந்ததில் அரசியல் உண்டு. அதைவிட முக்கியமாக, இலைக் கணக்கும் உண்டு. அந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள வயலுக்குப் போக வேண்டும்.

இரண்டாம் நாள்: சான் ஹுவான் இ மார்த்தினெஸ்

ஹவானாவிலிருந்து பினார் தெல் ரியோ நகரம் நெடுஞ்சாலையில் சுமார் 160 கிலோமீட்டர். சாலையில் போக்குவரத்து குறைவு, ஆனால் குழிகளும் குறுக்கே வரும் மாட்டு வண்டிகளும் உண்டு. இருட்டுவதற்கு முன் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். எரிபொருள் தட்டுப்பாடு சாதாரணம் என்பதால் திரும்பும் பயணத்துக்கும் சேர்த்து வண்டியை முன்பே பேசிவைப்பது நல்லது. நகரத்திலிருந்து தென்மேற்கே அரைமணி நேரத்துக்கு மேல் போனால் சான் ஹுவான் இ மார்த்தினெஸ். பக்கத்திலேயே சான் லூயிஸ். இந்த இரண்டு ஊர்களைச் சுற்றியுள்ள வயல்கள்தான் உலகத்தின் மிக விலை உயர்ந்த சுருட்டுகளுக்கு இலை கொடுக்கின்றன. பயணிகள் பெரும்பாலும் விஞாலேஸ் பள்ளத்தாக்குக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மலை அழகுக்கு விஞாலேஸ் போகலாம், கோஹிபா இலைக்கு இங்கேதான் வர வேண்டும். ஜனவரியும் பிப்ரவரியும் சரியான மாதங்கள். வயலில் பயிர், கொட்டகையில் இலை, இரண்டையும் ஒரே நாளில் பார்க்கலாம்.

மண் மணல் கலந்த செம்மண். கையில் எடுத்தால் பொலபொலவென்று உதிர்கிறது. தண்ணீர் தேங்காது, வேர் எளிதாக இறங்கும். டிராக்டர் ஓட்டினால் மண் இறுகிவிடும் என்பதால் இன்றும் ஏர் மாடுகள். விதை மிகப் பொடி, ஒரு கிராமில் பத்தாயிரத்துக்கு மேல் இருக்கும். நாற்றங்காலில் சுமார் 45 நாள் வளர்த்து, அக்டோபரிலிருந்து நடுகிறார்கள். நட்டபின் இன்னும் 45-50 நாளில் முதல் இலை முதிர்கிறது.

இரண்டு வகைச் சாகுபடி. சுருட்டின் வெளியே தெரியும் மேலுறை இலைக்கு, வயல் முழுவதும் மெல்லிய வெள்ளைத் துணிப் பந்தல். நிழலில் இலை அகலமாகவும் மெல்லியதாகவும் வளரும், நரம்பு புடைக்காது. உள்ளே வைக்கும் இலைக்கும் அதைக் கட்டும் இலைக்கும் பந்தல் கிடையாது, நேர் வெயில். வெயில் இலை தடித்து எண்ணெய்ப் பசை ஏறும், சுருட்டின் காரமும் மணமும் அதில்தான்.

மொட்டு வந்ததும் கொண்டையைக் கிள்ளிவிடுகிறார்கள். இலைக்குப் போக வேண்டிய சத்தைப் பூ தின்றுவிடக்கூடாது. கிள்ளியதும் செடி விடாமல் பக்கச் சிம்புகளைத் தள்ளும். அவற்றையும் திரும்பத் திரும்ப வந்து ஒடிக்க வேண்டும், தாமதித்தால் இலை மெலிந்துவிடும். அறுவடையில் செடியை வெட்டுவதில்லை. கீழிருந்து மேலாக, ஒரு தடவைக்கு இரண்டு மூன்று இலை, அடுத்த தட்டுக்குச் சில நாள் இடைவெளி. ஒரு செடி முடிய ஒரு மாதம் ஆகிறது. பனி ஈரத்தோடு பச்சை இலையை அணைத்து எடுத்தால் நிக்கோடின் தோல் வழியாக இறங்கி வாந்தி, தலைசுற்றல் வரும். வயலில் இலையைத் தொட்டுப் பார்க்கிறவர்கள் உடனே கை கழுவிக்கொள்ளுங்கள்.

வெயில் செடியில் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பேர். அடித்தட்டு வொலாதோ: காரம் இல்லை, நன்றாக எரியும். நடுத்தட்டு செகோ: மணத்துக்கு. மேல்தட்டு லிஹேரோ: காரத்துக்கு, மெதுவாக எரியும். இதற்கும் மேலே, உச்சியில், சில செடிகளில் மட்டும் இரண்டு சிறிய இலை வரும். அதன் பேர் மேதியோ தியெம்போ. எந்தச் செடியில் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. 2010-ல் வந்த கோஹிபா பெஹிக்கே இந்த இலையை நம்பித்தான் நிற்கிறது. பெஹிக்கே எங்கேயும் எளிதில் கிடைக்காததற்கான விடை இந்த வயலின் உச்சி இலையில் இருக்கிறது.

மூன்றாம் நாள்: கொட்டகை

இலை உலர்த்தும் கொட்டகைகள் கிழக்கு மேற்காக நீண்டு நிற்கின்றன. காலை வெயில் ஒரு முகப்பிலும் மாலை வெயில் மறு முகப்பிலும் விழும், நீளச் சுவர்கள் காயாது. பறித்த இலைகளை ஊசி நூலால் இரண்டிரண்டாகக் கோத்து நீளக் கழியில் தொங்கவிடுகிறார்கள். புதுக் கழி கீழே, காயக் காய மேலே ஏற்றம். ஏறக்குறைய 50 நாள். பச்சை, மஞ்சளாகி, பிறகு பொன் பழுப்பு.

எல்லாம் கதவில் இருக்கிறது. வறண்ட காற்று வீசும்போது கதவைத் திறந்துவைத்தால் இலை அவசரமாகக் காய்ந்து பச்சை நிறம் அப்படியே உறைந்துபோகும். பிறகு எத்தனை நாள் நொதிக்கவைத்தாலும் அது போகாது. ஈரக் காற்றில் காற்றோட்டம் இல்லாமல் விட்டால் பூஞ்சணம். இலைத்தாள் காய்ந்தது போலத் தெரிந்தாலும் நடுநரம்பின் அடிப்பக்கம்தான் கடைசியில் காயும். அங்கே விரலால் அழுத்திப் பார்த்தால் மெத்தென்றிருந்தால் இன்னும் இறக்கக்கூடாது. அந்த ஓர் அங்குல ஈரம் அடுக்கு முழுவதையும் அழுகவைத்துவிடும்.

2022 செப்டம்பர் 27-ம் தேதி இயன் புயல் இந்த மாகாணத்தின் மேல்தான் ஏறியது. கொட்டகைகளில் பெரும்பான்மை சாய்ந்தது. நடவு தொடங்கச் சில வாரம் இருக்கும்போது வந்த புயல். கொட்டகை இல்லாமல் நடுவதில் பொருளில்லை, பறித்த இலையை எங்கே தொங்கவிடுவது? வழியில் புதுப் பலகை அடித்த கொட்டகைகளைப் பார்த்தால் காரணம் இதுதான்.

இதற்கு வெகுமுன் விழுந்த இன்னொரு பேரிடி, 1979-80-ல் வந்த நீலப் பூஞ்சணம் என்னும் புகையிலை நோய். அந்த வருடங்களின் பயிரில் பெரும்பகுதி போயிற்று. அதுவரை மேலுறைக்குக் கொரோஹோ, உள்ளுக்குக் கிரியோயோ என்று இரண்டே விதை. இரண்டும் நோய்க்குத் தாங்காதவை. 1990-களின் பிற்பாதியில் அவற்றை விட்டு எதிர்ப்புள்ள ஒட்டு ரகங்களுக்கு மாறினார்கள். முதலில் வந்த ஹபானா 2000 நோயைத் தாங்கியது, ஆனால் சரியாக எரியவில்லை. அதனால் கொரோஹோ 99, கிரியோயோ 98 என்று அடுத்தடுத்த ரகங்களுக்குப் போனார்கள். நீலப் பூஞ்சணத்துக்குச் சற்றே பிந்தி 1982-ல் கோஹிபா பொதுச் சந்தைக்கு வந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். இலை இருக்கும் அளவுக்குத்தான் சரக்கு.

நான்காம் நாள்: நொதிப்பு

சிறிய ஊர்களில் பேர்ப் பலகை இல்லாத நீளக் கட்டடங்கள் கண்ணில் படும். இலை நொதிக்கவைத்துத் தரம் பிரிக்கும் இடங்கள் அவை. கட்டடத்தை நெருங்குமுன்பே மூக்கில் ஏறுவது அம்மோனியா நெடி.

காய்ந்த இலைகளை அட்டியாக அடுக்கி மூடிவைக்கிறார்கள். இலையில் உள்ள ஈரத்தாலேயே அட்டி சூடேறும். முதல் நொதிப்பு 30 நாள் வரை. அட்டியின் உள்சூடு 35 டிகிரியைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அட்டியைக் கலைத்து, மேலிருந்ததைக் கீழே, உள்ளிருந்ததை வெளியே மாற்றி அடுக்க வேண்டும். பிறகு நனைத்து, பிரித்து, உள்ளே வைக்கும் இலைக்கு நடுநரம்பின் ஒரு பகுதியை உரித்துவிட்டு இரண்டாம் நொதிப்பு. அட்டி இன்னும் பெரியது, சூடு 42 டிகிரி வரை விடுவார்கள், லிஹேரோவுக்குத்தான் அதிக நாள். நொதிப்பில் அம்மோனியா வெளியேறுகிறது, நிக்கோடின் குறைகிறது, நாக்கை அரிக்கும் கடுப்பு போகிறது. அவசரப்பட்டு எடுத்த இலையைச் சுருட்டில் வைத்தால் தொண்டையைப் பிடிக்கும்.

மற்ற பிராண்டுகளுக்கு இதோடு சரி. கோஹிபாவின் செகோவும் லிஹேரோவும் மூன்றாவது தடவையும் நொதிக்கின்றன, இம்முறை எல் லாகித்தோவில் மரப் பீப்பாய்களில். கோஹிபாவைத் தனியாக நிறுத்துவது இதுதான் என்று நினைக்கிறோம். பட்டையும் பெட்டியும் பிறகு வந்தவை. மூன்றாம் நொதிப்பு புகையை மென்மையாக்குகிறது. விலையாகக் கேட்பது காலத்தையும் பொறுக்கியெடுத்த இலையையும், நோஞ்சான் இலை மூன்று நொதிப்பைத் தாங்காது.

நொதிப்புக்குப் பின் மூட்டை கட்டி முதிரவைக்கிறார்கள். வொலாதோவுக்குக் குறைந்தது 9 மாதம், செகோவுக்கு ஒரு வருடம் முதல் ஒன்றரை, லிஹேரோவுக்கு 2 வருடம், மேதியோ தியெம்போவுக்கு 3 வருடம். 2007-ல் வந்த கோஹிபா மதுரோ வரிசையின் கறுத்த மேலுறை இலைக்கு 5 வருடம்.

ஐந்தாம் நாள்: பினார் தெல் ரியோ, சுற்றும் மேஜை

பினார் தெல் ரியோ நகரத்தில் ஃபிரான்சிஸ்கோ தொனாத்தியென் தொழிற்சாலை. ஒருகாலத்தில் சிறைச்சாலையாக இருந்த கட்டடம். 1969-ல் எல் லாகித்தோவில் இன்னொரு தூதரக அன்பளிப்பாகப் பிறந்த திரினிதாத் சுருட்டு இப்போது இங்கேதான் தயாராகிறது. பார்வையாளர்களை அனுமதிக்கும் நாட்களை முந்தைய நாளே விசாரித்துக்கொள்ளுங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதி எதிர்பார்க்க வேண்டாம்.

மேஜையில் பொருட்கள் கொஞ்சம்தான். ஒரு மரப்பலகை, சாவேத்தா என்னும் பிடியில்லாத தட்டைக் கத்தி, சுவையில்லாத தாவரப் பிசின் ஒரு கிண்ணம், நீளம் வெட்டும் சிறு கில்லட்டின், பருமன் பார்க்கத் துளையிட்ட அளவுகோல். கியூபாவில் ஒரு சுருட்டை ஆரம்பம் முதல் முடிவுவரை ஒருவரே செய்கிறார். நடுத்தர அளவாக இருந்தால் நாளுக்கு நூறு வாக்கில்.

கையை மட்டும் பாருங்கள். முதலில் கட்டும் இலையின் பாதி பலகையில் விரிகிறது. இடது உள்ளங்கையில் செகோவும் வொலாதோவும் ஒவ்வொன்றாக மடிந்து அடுக்காகின்றன. லிஹேரோ நட்ட நடுவில் போகிறது. ஓரத்தில் போனால் அந்தப் பக்கம் மெதுவாக எரிந்து, மறுபக்கம் ஓடிவிடும், சுருட்டு ஓடம்போலக் குழிந்து எரியும். ஒவ்வொரு இலையும் நீளவாக்கில் மடிந்து, இடையில் காற்றுக்கு வழி விட வேண்டும். ஒரே ஓர் இலை முறுக்கிக்கொண்டாலும் அந்த இடம் அடைத்துவிடும், எவ்வளவு இழுத்தாலும் புகை வராது. இலை நுனிகள் எல்லாம் பற்றவைக்கும் பக்கம் பார்க்க வேண்டும்.

கட்டியதை மர அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். பாதியில் எடுத்துத் திருப்பி வைப்பது தழும்பு விழாமல் இருக்க. பிறகு உறிஞ்சும் கருவியில் சோதனை. 1990-களின் இறுதியில் உலகம் முழுதும் சுருட்டு மோகம் கூடி, கியூபா ஏற்றுமதி இலக்கை உயர்த்தியது. புதுக்கைகள் அவசரமாக மேஜைக்கு வந்தன, அடைத்த சுருட்டுகள் பெருகின. இந்தக் கருவி வந்தது அதன் பிறகுதான். சோதனையில் தவறினால் மேலுறை போடும் முன்பே பிரித்து மறுபடி கட்டிவிடலாம், மேலுறை வீணாகாது.

கடைசியில் மேலுறை. மெல்லிய நீர்த்தூவலில் நனைத்து, உதறி, ஓய்வெடுத்த இலை. உதறாவிட்டால் சொட்டு நின்ற இடம் கறையாகிவிடும். நடுநரம்பை உரித்தால் இடப் பாதி, வலப் பாதி என்று இரண்டு, ஒன்றை ஒரு திசையிலும் மற்றதை எதிர்த் திசையிலும் சுற்ற வேண்டும், நரம்பு உள்பக்கம் போகும்படி. சாவேத்தாவின் வளைவால் ஓரம் சீவி, பற்றவைக்கும் முனையிலிருந்து தலையை நோக்கிச் சுற்றுகிறார்கள். லான்செரோவின் தலையில் மேலுறையையே முறுக்கிச் சின்னக் குடுமி விடுகிறார்கள். லான்செரோதான் கையைச் சோதிக்கும் அளவு. 15 மி.மீ. விட்டத்துக்குள் மூன்று வகை இலையும் போக வேண்டும், 192 மி.மீ. நீளத்துக்கும் எங்கும் அடைக்கக்கூடாது. 20 மி.மீ. விட்டத்தில் மன்னிக்கப்படும் தவறு இதில் மன்னிக்கப்படாது. கோஹிபா இந்த அளவிலிருந்து தொடங்கியது என்பதே எல் லாகித்தோ பெண்களின் கைத்திறனுக்குச் சான்று.

முடித்த சுருட்டுகள் 50, 50-ஆக நாடா கட்டித் தரச் சோதனைக்குப் போகின்றன, பிறகு செடார் மர அலமாரி அறையில் சில வாரம். நனைத்த ஈரம் அங்கே வற்ற வேண்டும். பிறகு நிறவாரியாகப் பிரித்து, ஒரு பெட்டிக்குள் கருமையிலிருந்து வெளிறல் வரை இடமிருந்து வலமாக அடுக்குகிறார்கள்.

ஆறாம் நாள்: ஹவானா, கடை

1982-க்குப் பிறகு வரிசை மெல்லத்தான் வளர்ந்தது. 1989-ல் எஸ்பிளெந்திதோ, ரொபுஸ்தோ, எக்ஸ்கிசிதோ. 1992-ல், கொலம்பஸ் வந்து 500 ஆண்டு ஆனதை ஒட்டி சிக்லோ 1 முதல் 5 வரை, 2002-ல் சிக்லோ 6. பிறகு மதுரோ, 2010-ல் பெஹிக்கே 52, 54, 56. காஸ்ட்ரோ 1985-லேயே புகைப்பதை விட்டுவிட்டார். பெஹிக்கே எல் லாகித்தோவில் மட்டும் செய்யப்படுவது, மற்ற கோஹிபா அளவுகள் வேறு தொழிற்சாலைகளிலும் தயாராகின்றன. அமெரிக்காவில் கோஹிபா பேரில் விற்கும் டொமினிகன் சுருட்டு முற்றிலும் வேறு. அதன் அமெரிக்க வணிகமுத்திரைப் பதிவை அந்நாட்டு மேல்முறையீட்டு வாரியம் 2022 டிசம்பரில் ரத்து செய்யத் தீர்ப்பளித்தது.

கியூபாவில் கோஹிபா மலிவு என்ற எண்ணத்தோடு வர வேண்டாம். 2022-ல் உலகம் முழுவதும் ஒரே விலை மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். தெருவில் "என் உறவுக்காரர் தொழிற்சாலையில் வேலை" என்று குறைந்த விலைக்கு நீட்டும் பெட்டி அநேகமாகப் போலி. கண்ணாடி மூடி போட்ட கோஹிபா பெட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது, பார்த்ததும் நகர்ந்துவிடுங்கள். பட்டையில் உள்ள வெள்ளைக் கட்டங்கள் சீராக, விளிம்பு சிதையாமல் இருக்க வேண்டும். பெட்டியின் இடப்பக்கம் பச்சை வெள்ளை உத்தரவாத முத்திரை, 1912-ம் வருடச் சட்டத்தின் வழி வந்தது. இப்போதைய முத்திரையில் உள்ள பட்டைக்குறியை (பார்கோடு), கியூபச் சுருட்டுகளை விற்கும் ஹபானோஸ் நிறுவனத்தின் தளத்தில் சரிபார்க்கலாம். விற்பனை ரசீதை ஊர் சேரும்வரை தொலைக்காதீர்கள், ஹவானா விமான நிலையத்திலேயே கேட்பார்கள்.

வாங்கிய பெட்டியைக் கைப்பையில் வையுங்கள். சுருட்டுக்கு 65 முதல் 70 சதவீத ஈரப்பதமும் 20 டிகிரிக்குக் கீழே சூடும் உகந்தவை. 25 டிகிரிக்கு மேல் நாட்கணக்கில் இருந்தால் இலைக்குள் முட்டை இருந்தால் புகையிலை வண்டு பொரிந்து, பென்சில் முனையளவு துளை போட்டு வெளியே வரும். ஒரு துளை கண்டாலும் எல்லாவற்றையும் காற்றுப் புகாத இரட்டைப் பையில் போட்டு, மூன்று நாள் உறைபெட்டியில், பிறகு ஒரு நாள் குளிர்பெட்டியில், அதற்குப் பிறகே வெளியில். நேராகச் சூட்டுக்குக் கொண்டுவந்தால் மேலுறை வெடித்துவிடும்.

பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். அடியில் தொழிற்சாலைக் குறியும், ஸ்பானிய மாதத்தின் முதல் மூன்றெழுத்தும் வருடத்தின் இரண்டு இலக்கமும் இருக்கும். எனெ 24 என்றால் 2024 ஜனவரி. அதிலுள்ள லிஹேரோ இரண்டு வருடமாவது மூட்டையில் கிடந்தது, அதற்கு முன் கொட்டகையும் நொதிப்பும். அப்படியானால் அந்தச் செடி 2021-ன் தொடக்கத்தில் அல்லது அதற்கு முன் வயலில் நின்றது, இயன் புயலுக்கு முன். புயலுக்குப் பிறகு 2023-ன் தொடக்கத்தில், இருந்த கொட்டகைகளில் தொங்கவிட்ட மேதியோ தியெம்போ, மூன்று வருடக் கணக்குப்படி 2026-க்கு முன் எல் லாகித்தோ மேஜைக்கு வந்திருக்க முடியாது. பெஹிக்கே வாங்குகிறவர்கள் அந்த இலக்கத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.